ஊசியைத் தள்ளும் விரல்

கொரியாவில் சோசொன் அரச வம்சத்தின் காலத்தில் எழுந்த கதை ஒன்று உண்டு. வீட்டு அம்மாள் தையல் வேலைக்கு நடுவே கண்ணயர்ந்துவிட, அவளுடைய தையல் பெட்டியில் இருக்கும் ஏழு பேரும் தங்களில் யார் பெரியவர் என்று வாய்ச்சண்டை போடுகிறார்கள். அளவுகோல், கத்தரிக்கோல், ஊசி, நூல், இஸ்திரிப்பெட்டி, மடிப்பைப் படிய வைக்கும் சூட்டுக்கோல், கூடவே விரலில் மாட்டும் திம்பிள். ஊசி இடை மெலிந்த இளம்பெண். அளவுகோல் ஒரு சீமாட்டி. திம்பிள் மட்டும்தான் பாட்டி. சத்தம் கேட்டு விழித்த அம்மாள் எல்லோரையும் கடிந்துகொள்ளும்போது, முன்னால் வந்து தலைவணங்கி மன்னிப்புக் கேட்பவளும் அந்தப் பாட்டிதான். தன் விரல் நோகாமல் இருப்பது யாரால் என்று அம்மாளுக்குத் தெரியும். பாட்டியின் முகத்துக்காக மற்ற ஆறு பேரும் தப்பிக்கிறார்கள்.

ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் யாரும் இந்தக் கதையை வெறும் கற்பனை என்று தள்ளிவிட மாட்டார்கள். துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்விரிப்பு ஆக்கி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்று அடுக்கும் நகராதபடி ஓட்டுத்தையல் போடுவதுதான் இந்த வேலை. ஏழரை அடிக்கு ஏழரை அடி போர்வையில் 2 அங்குல இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுத் தைத்தால், தையலின் நீளம் 8,000 அங்குலத்தைத் தாண்டும். அங்குலத்துக்கு 8 தையல் என்று வைத்தால் 64,000. அத்தனை முறையும் ஊசியின் பின்பக்கத்தை ஒரே ஒரு விரல் தள்ளியாக வேண்டும்.

என் முதல் போர்வையைத் திம்பிள் இல்லாமல்தான் தொடங்கினேன். ஊசியில் பயப்பட வேண்டியது முனைக்குத்தான் என்று நினைத்திருந்தேன். முனை குத்தினால் கையைச் சட்டென்று எடுத்துவிடுகிறோம், அதோடு போயிற்று. ஆளைப் படுத்துவது காதுப் பக்கம். நான்காம் நாள் நடுவிரலில், நகத்துக்குப் பக்கவாட்டில், ஊசிக் காது அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. அந்த வாரக் கடைசியில் பள்ளம் கிழிந்து, ஊசி பின்பக்கமாகச் சதைக்குள் ஏறியது. சாதம் பிசைய முடியவில்லை. புளி பட்டால் உயிர் போயிற்று. பாரிமுனைப் பக்கம் தையல் சாமான் கடையில் ஒரு திம்பிள் வாங்கி மாட்டினேன். அது விரலில் நிற்காமல் ஒவ்வொரு தையலுக்கும் கழன்று மடியில் விழுந்தது. உள்ளே பஞ்சு அடைத்துப் பார்த்தேன், வியர்வையில் ஊறி நழுவியது. எனக்கும் திம்பிளுக்கும் ஒத்துவராது என்று முடிவு கட்டி, மூன்று வருடம் விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டே தைத்தேன். அந்த மூன்று வருடத் தையலை இன்று எடுத்துப் பார்த்தால் விரல் வலித்த இடமெல்லாம் தெரிகிறது: தையல் நீண்டிருக்கும், கோடு சாய்ந்திருக்கும்.

ஒட்டுப்போர்வை மரபுகளை வகைப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் கோலத்தை வைத்துப் பிரிப்பார்கள்: அறுகோணம், நட்சத்திரம், மரவீடு, பூக்கூடை என்று. நூல்களில் படம் பார்க்க அது வசதி. தைக்கிறவளுக்கு அதில் அதிகம் கிடைக்காது. ஊசியை எந்த விரல், எந்தப் பக்கமாகத் தள்ளுகிறது என்று பார்த்துப் பிரித்தால், தையலின் நீளம், பஞ்சின் கனம், உட்காரும் முறை, அந்த ஊர்க்காரர்கள் எதை நல்ல வேலை என்கிறார்கள் என்பதெல்லாம் வரிசையாகப் பின்னால் வரும். நான் இங்கே எழுத வந்தது அந்தப் பிரிவினைதான்.

இங்கிலாந்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் நம் கரை. கம்பிரியா மாவட்டத்தில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் ஒரு போர்வை இருக்கிறது. 1708ஆம் ஆண்டு வாக்கில் தைத்தது என்பார்கள். அந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒட்டுவேலைகளில் மிகப் பழையது என்று எண்ணப்படும் அந்தப் போர்வை முழுக்க இந்தியச் சீட்டித் துணித் துண்டுகள். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய சீட்டிக்கு அன்றைய லண்டனில் இருந்த மோகம் பெரியது. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலகம் செய்ய, 1701இல் வண்ணச் சீட்டியைக் கொண்டுவந்து உள்நாட்டில் விற்கத் தடை வந்தது. 1721இல் உடுத்தவும் வீட்டில் புழங்கவும் தடை. 1774 வரை அது நீடித்தது. புதுத் துணி கிடைக்காத காலத்தில் கையில் இருந்த பூ, கொடி, பறவை ஒவ்வொன்றையும் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்துப் பாதுகாத்தார்கள். ஒட்டுப்போர்வை ஏழ்மையில் பிறந்தது என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. இந்தக் கிளையைப் பொறுத்தவரை அது சரியில்லை. துணி அருமையானது என்பதால் துண்டையும் விடாமல் சேர்த்தார்கள்.

இங்கிலாந்து மரபின் உயிர் காகிதத்தில் இருக்கிறது. அறுகோணமோ சாய்சதுரமோ தேவையான வடிவத்தைக் காகிதத்தில் வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலோட்டிப் பிடித்து, இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் சுற்றுத்தையல் போடுவார்கள். எல்லாப் பக்கமும் தைத்து முடிந்த பிறகுதான் காகிதத்தை உருவுவது. பலர் உருவாமலே விட்டார்கள். பழைய கடிதம், கடைக் கணக்கு, பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி என்று வீட்டில் கிடந்த தாளெல்லாம் போர்வைக்குள் தங்கிவிட்டது. தேதி தெரியாத போர்வைகளின் காலத்தை அந்தத் தாள்களைப் படித்துக் கணிக்கிறார்கள். இங்கிலாந்துப் போர்வைக்காரர்களின் சங்கம் காப்பாற்றி வைத்திருக்கும் பட்டு விரிப்பு ஒன்றில் 1718 என்ற ஆண்டே துணியில் தைத்திருக்கிறது. காகிதமும் உள்ளே இருக்கிறது.

இந்தத் தையலில் ஊசி துணிக்குக் குறுக்கே, விளிம்பின் இரண்டு மூன்று நூலை மட்டும் பிடித்துக்கொண்டு போகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியைப் பிடிக்க, நடுவிரலின் நுனியோ பக்கமோ லேசாக உந்தும். பஞ்சு கிடையாது, அழுத்தமும் குறைவு. முன்பக்கத்தில் தையல் தெரியக் கூடாது, மூலைகள் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும்: இந்த மரபின் தராதரம் அவ்வளவுதான். கனத்த உலோகத் திம்பிள் இங்கே இடைஞ்சல். மெல்லிய தோலுறை போதும்.

1841இல் ராஜா என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு ஹோபார்ட் போனது. சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரையின் பெண்கள் சங்கம், நாடு கடத்தப்படும் ஒவ்வொருத்திக்கும் ஒரு பை கொடுத்து அனுப்புவது வழக்கம். 100 ஊசி, நூல்கண்டுகள், கத்தரிக்கோல், இரண்டு ராத்தல் ஒட்டுத்துணி, அவற்றோடு ஒரு திம்பிள். கடல் வழியில் அந்தப் பெண்கள் சேர்ந்து தைத்த போர்வை இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சில இடங்களில் தையல் தேர்ந்த கை, சில இடங்களில் அப்போதுதான் பழகும் கை. ஒருத்தியிடம் இருந்து எல்லாம் பறிக்கப்பட்ட பிறகும் விரலுக்கு ஒரு பூண் தேவை என்று நினைத்த அந்தச் சங்கத்துப் பெண்களை நான் வணங்குகிறேன்.

இங்கிலாந்தின் வடகோடியிலும் வேல்ஸிலும் வேறு வழக்கம். துண்டு இணைப்பு குறைவு. ஒரே துணியைச் சட்டத்தில் கட்டி, சுருள், இலை, இறகு என்று தையலாலேயே சித்திரம் போடுவார்கள். பெண்கள் மட்டும் என்றில்லை. நார்தம்பர்லாந்தில் ஜோ என்றே ஊர் அறிந்த ஜோசப் ஹெட்லி, தையல்காரராகப் பழகிப் போர்வைக்காரராகப் பெயர் எடுத்தவர். 1826இல் தன் குடிசையிலேயே கொலையுண்டார். அந்தக் குடிசையை பீமிஷ் அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

சட்டத்தில் கட்டித் தைக்கும் முறை அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குப் போய் அங்கே பெருமரமாயிற்று. சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணியை நம் மடியில் இருப்பதுபோல் மடக்கி ஊசியில் ஏற்ற முடியாது. அதனால் ஊசியை ஆட வைக்கிறார்கள். மேல்கையின் நடுவிரலில் திம்பிள். ஊசியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் காதைத் திம்பிளின் குழிக்குள் அமர்த்தி, நேராகக் கீழே அழுத்த வேண்டும். சட்டத்துக்கு அடியில் மறுகையின் விரல் காத்திருக்கும். முனை அந்த விரலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது மேலே ஊசியைப் படுக்கச் சாய்த்து, அடிவிரல் துணியைச் சற்றே மேட்டுப்படுத்திக் கொடுக்க, மேலே கட்டைவிரல் முன்னால் அழுத்தி ஒரு பள்ளத்தாக்கு உண்டாக்க, முனை அந்த மேட்டைக் கிழித்து எட்டிப் பார்க்கும். உடனே மறுபடி நெட்டுக்குத்து. இப்படி மூன்று நான்கு தையலை ஊசியில் ஏற்றிய பிறகே நூலை இழுப்பது. ஆட்டுத்தையல் என்று சொல்லலாம்.

இந்த முறைக்கு ஊசி குட்டையாக இருக்க வேண்டும். 'பிட்வீன்' என்ற வகையில் 9, 10, 12ஆம் எண். எண் ஏற ஏற ஊசி சிறுக்கும். குட்டை ஊசி வளையாது, குட்டை ஊசிக்குத்தான் சின்னத் தையல் விழும். அதே காரணத்தால் முழு அழுத்தமும் அரை மில்லிமீட்டர் இடத்தில் விரலைத் தாக்கும். திம்பிள் இல்லாமல் ஆட்டுத்தையல் என்பதே இல்லை. அடிவிரலுக்கோ காய்ப்பு ஏறும். அதற்கும் உறை மாட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் முனையின் ஸ்பரிசம் தெரியாமல் தையல் பெருத்துவிடுகிறது. பழகியவர்கள் அந்த விரலை வெறுமையாகவே விடுகிறார்கள்.

அமெரிக்கப் போட்டிகளில் தராதரம் அங்குலக் கணக்கில் வந்தது. மேலே தெரியும் தையலை மட்டும் எண்ணுவார்கள். அங்குலத்துக்கு 10 என்றால் நல்ல கை, 12 என்றால் தேர்ந்த கை. எனக்கு இந்த எண்ணிக்கையில் முழுச் சம்மதம் இல்லை. பன்னிரண்டும் ஒன்பதுமாக மாறி மாறி விழுவதைவிட எட்டு எட்டாகக் கடைசிவரை ஒரே சீராகப் போகும் கோடு கண்ணுக்கும் அழகு, துவைத்தாலும் தாங்கும். அடிப்பக்கத் தையலும் மேல்பக்கத் தையலும் ஒரே நீளமா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். கை சுத்தமா என்பது அங்கேதான் தெரியும்.

வெர்மான்ட் மாநிலத்தில் ஜேன் ஸ்டிக்கிள் என்ற பெண் உள்நாட்டுப் போர்க் காலத்தில் தைத்த போர்வை ஒன்று பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான்கரை அங்குலச் சதுரங்கள் 169. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. மூலையில் அவளே போர்க்காலம் என்றும் 1863 என்றும் துண்டுகள் 5,602 என்றும் தைத்து வைத்தாள். துண்டுகளை எண்ணி எழுதத் தோன்றிய அந்த மனநிலை, கைத்தையல்காரர் எல்லோருக்கும் விளங்கும். இப்போது உலகெங்கும் அந்தப் போர்வையைப் பார்த்துத் தைக்கிறார்கள். என்னிடம் அதில் 31 சதுரம் முடிந்திருக்கிறது.

பென்சில்வேனியாவின் லேன்காஸ்டர் பகுதி ஆமிஷ் மக்கள் பூப்போட்ட துணியைத் தொட மாட்டார்கள். ஊதா, கருஞ்சிவப்பு, கரும்பச்சை எனத் தனிநிறக் கம்பளித் துணி. நடுவில் ஒரு பெரிய சாய்சதுரம். அதன்மேல் முழுக்க இறகும் மாலையுமாகக் கைத்தையல். துண்டுகளை இணைக்க மிதி இயந்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள், மேல்தையலைக் கைக்கு வைத்துக்கொண்டார்கள். எதை இயந்திரத்துக்கு விடலாம், எதை விடக்கூடாது என்ற கோட்டை அவர்கள் சரியான இடத்தில் போட்டார்கள் என்பது என் எண்ணம். இவர்கள் இறைவனுக்கு முன் பணிவுக்காக வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்கள் என்றும், அமெரிக்க அடிமைகள் தாங்கள் தப்பிப்போகும் வழியைப் போர்வைக் கோலத்தில் மறைத்துச் சொன்னார்கள் என்றும் நம் கண்காட்சிகளிலும் யாராவது சொல்கிறார்கள். முதலாவதற்கு ஆதாரம் இல்லை. இரண்டாவது 1999இல் வெளிவந்த ஒரு நூலால் பரவியது. போர்வை வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. இதைப் படிக்கும் இளையவர்கள் அவற்றை மேலும் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அங்குலக் கணக்கை உடைத்துப் போட்டவர்கள் அலபாமா ஆற்று வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் பெண்கள். பெட்வே என்ற முதலாளியின் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள்; அந்தக் குடும்பப் பெயரையே இன்றும் பலர் சுமக்கிறார்கள். வயல் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த கால்சட்டை, மாவு மூட்டைத் துணி, கையில் அகப்பட்டது எதுவானாலும் போர்வை ஆயிற்று. 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் ஃபிரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் இவர்கள் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டினார்கள். 2006இல் அமெரிக்கத் தபால் துறை அந்தப் போர்வைகளின் படத்தோடு தபால்தலைகள் வெளியிட்டது.

ஜீஸ் பெண்ட் போர்வைகளில் ஒன்றைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டுபோன துணிகளை எல்லாம் எடுத்து, தன் மகள் ஆர்லோன்சியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு போர்வை தைத்தாள். அதன்கீழ் படுத்து அவர் நினைவோடு இருக்க வேண்டும் என்பது அவள் விருப்பம் என்று மகள் பின்னால் சொன்னார். நீலமும் சாம்பலும் வெளிறிய செம்மையும் கலந்த நீண்ட பட்டைகள். முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம், பையைப் பிரித்தெடுத்ததால் உள்ளே பழைய நிறம் மாறாமல் நிற்கும் சதுரம், எல்லாம் அப்படியே இருக்கின்றன. தையல் பெரிது, அங்குலத்துக்கு ஐந்தைத் தாண்டாது என்று தோன்றும். வயல் வேலைத் துணியின் மொத்தமும் உள்ளே அடித்துப் பரப்பிய பஞ்சின் கனமும் சேர்ந்தால் அதற்குமேல் சிறிய தையல் விழாது. ஊசி எதைத் துளைக்க வேண்டியிருந்தது என்று கேட்காமல் தையலை எண்ணிக் கொண்டிருப்பவர் தராதரம் பேசத் தகுந்தவர் இல்லை.

ஜப்பானுக்கு வந்தால் திம்பிள் விரல் நுனியை விட்டு இறங்கிவிடுகிறது. வடகிழக்குக் குளிர்ப் பிரதேசத்தில் பருத்தி விளையாது. உழவர்கள் பழந்துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்துத் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப் போட்டார்கள். அந்தக் கந்தல்தான் போரோ. அடுக்குகளைப் பிணைக்கும் ஓட்டுத்தையல் சாஷிகோ. ஊசி நீளம், துணி மடியில். நடுவிரலின் அடியில் மோதிரம்போல் ஒரு வளையம், அதில் உள்ளங்கைப் பக்கம் ஒரு வட்டத் தட்டு. ஊசிக் காது அந்தத் தட்டில் முட்டி நிற்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசி முனைக்கு அருகில் துணியை மேலும் கீழும் ஆட்டிக்கொடுக்க, உள்ளங்கை தள்ளும். ஊசி நகர்வதில்லை, துணிதான் ஊசிமேல் ஏறுகிறது. பத்துப் பதினைந்து தையல் ஏறியதும் சுருக்கத்தை நீவிவிடுவார்கள்.

அவர்களுடைய அளவுகோல் இதற்கு ஏற்றதுதான். முன்பக்கத் தையல் மூன்று பங்கு என்றால் பின்பக்கம் இரண்டு. பார்க்க அரிசிமணிபோல் உப்பி நிற்க வேண்டும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் நூல்மேல் நூல் ஏறக் கூடாது, நடுவில் ஒரு சின்ன வெளி விட வேண்டும். மூலையில் தையல் சரியாகத் திரும்ப வேண்டும். கனஸாவா நகரில் பட்டுநூலைச் சுற்றிச் சுற்றிக் கோலமாகத் தைத்துச் செய்யும் விரல்வளையங்கள் கைவேலைப்பாட்டின் உச்சம். மிச்ச நூலைச் சேர்த்துத் தையற்பெண்கள் தங்களுக்கென்று செய்துகொண்டவை. கொரியாவில் திம்பிள் ஆள்காட்டி விரலுக்குப் போய்விடுகிறது. பல அடுக்குத் துணியை விறைப்பாக ஒட்டி, ஓரம் தைத்த சின்னத் தொப்பி அது. மேலே பூ தைத்திருக்கும். கதையில் வந்த பாட்டி அவள்தான்.

நம் நாட்டில் பெரும்பாலும் வெறும் விரல். வங்காளத்தின் காந்தா, நாம் கந்தை என்கிறோமே அதே சொல்தான். வடமொழி 'கந்தா' இரண்டு பக்கமும் பிரிந்து போனது. நமக்கு அது கிழிசலாக நின்றுவிட்டது, அங்கே தாமரையும் மீனும் ரதமும் பூத்த கலையாயிற்று. நைந்து மெலிந்த நூல்சேலை மூன்று நான்கை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத்தையலால் நிரப்புவார்கள். பஞ்சு இல்லை. பழஞ்சேலை வெண்ணெய்போல் வழிவிடும்; அதனால் திம்பிளும் வேண்டாம். தையல்கள் நெருங்கி நெருங்கித் துணியில் நீர்ச்சுழிபோல் அலை எழும்ப வேண்டும், அதுதான் காந்தாவின் நயம். கோலத்தை மட்டும் புதுப் பட்டுச் சேலைமேல் போட்டுக் காந்தா என்று விற்கிறார்களே, அதில் வேலை இருக்கிறது, அலை இல்லை.

என் அத்தை குழந்தைகளுக்குப் பழம்புடவையை நாலாக மடித்துச் சுற்றிலும் நூலோட்டித் தருவாள். ஊசி புகாத கரைப்பக்கம் வந்தால் அம்மிக்கல் விளிம்பில் ஊசிக் காதை முட்டித் தள்ளுவாள். வீட்டில் இருந்த திம்பிள் அந்த அம்மிதான்.

வடகன்னட மாவட்டக் காடுகளில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்திகள் தைக்கும் கவந்தியை இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். போர்த்துகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தப்பி மலைக்காட்டுக்குள் குடியேறியவர்களின் சந்ததியார் அவர்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் முதலில் மேல்விரிப்பை இணைத்து முடித்த பிறகே மூன்றடுக்குத் தையல். கவந்தியில் இரண்டும் ஒரே தையல். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றித் துண்டுகளை வைத்து மடித்துத் தைத்துக்கொண்டே சதுரச் சுற்றாக உள்ளே போவார்கள். சுற்று குறுகிக் குறுகி, நடுவில் கடைசித் துண்டு மூடும்போது போர்வை முடிகிறது. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணி அடுக்கு, பூ என்று பெயர். பூ வைக்காத கவந்தி அவர்களுக்கு அரைகுறை.

ஜீஸ் பெண்ட் போர்வையையும் கவந்தியையும் பக்கத்தில் வைத்தால் நிறத்தின் துணிச்சல் ஒன்றுபோல் தெரிகிறது. ஆப்பிரிக்க ரத்தம் என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கவுதி என்றும் கோதடி என்றும் கர்நாடகத்திலும் மராட்டியத்திலும் அண்டை வீட்டுப் பெண்களும் பழஞ்சேலையில் தைக்கிறார்கள். சித்திப் பெண்கள் அவர்களோடு பழகி வந்தவர்கள். எது எங்கிருந்து வந்தது என்று தீர்ப்பதைவிட, ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகும் அந்த முறையை ஒருமுறை தைத்துப் பார்ப்பது பலன் தரும். துணியை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு நீள ஊசியில் நாலைந்து தையல் ஏற்றும்போது, அழுத்தம் நடுவிரலின் நுனியில் விழுவதில்லை; நகத்துக்குப் பக்கவாட்டில் விழுகிறது.

ஆண்களுக்கு உடை தைக்கும் தையல்காரர்களும் அந்தப் பக்கவாட்டில்தான் தள்ளுகிறார்கள். அதனால்தான் அவர்கள் திம்பிளுக்கு மேல்மூடி இல்லை, வெறும் வளையம். உருதுவில் அங்குஷ்தானா, பாரசீகத்தில் அங்குஷ்த் என்றால் விரல். ஜெர்மன்காரர்கள் விரல் தொப்பி என்கிறார்கள். அந்த நாட்டு நியூரம்பர்க் நகரம் ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கே பித்தளைத் திம்பிள் செய்து கொடுத்தது. ஆங்கிலச் சொல்லோ கட்டைவிரல் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஆக, எந்த விரலுக்கு என்பதில் உலகம் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

மூன்று வருடம் நான் தவித்ததற்குக் காரணம் இது தெரியாததுதான். நான் தைத்தது துணியை மடியில் போட்டுக்கொண்டு. வாங்கியது நுனியில் தள்ளுவதற்கான மூடித் திம்பிள். இனி வாங்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் திம்பிள் இல்லாமல் பத்துத் தையல் போட்டுப் பாருங்கள். விரலில் எங்கே வலிக்கிறதோ அங்கே ஒரு பேனாப் புள்ளி வையுங்கள். நுனியில் விழுந்தால் மூடியுள்ளது, பக்கத்தில் விழுந்தால் வளையம், விரலடியில் விழுந்தால் ஜப்பானியத் தட்டு. கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதைவிட அந்தப் புள்ளியைக் கேட்டு வாங்குவது மேல்.

அளவு பார்ப்பது காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நம் ஊர் வெயிலில் விரல் வீங்குகிறது. காலையில் கச்சிதமாக இருப்பது மூன்று மணிக்கு நெரிக்கும். மாட்டியபின் விரல் நுனி உள்மூடியைத் தொட வேண்டும், கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் விழக் கூடாது, இழுத்தால் லேசாக உறிஞ்சிப் பிடித்து விட வேண்டும். நகம் நீளமாக இருந்தால் எந்த மூடியும் சேராது. நகம் பக்கம் வெட்டிவிட்ட வகை வேண்டும், அல்லது நகத்தை வெட்ட வேண்டும். குழிகள் ஆழமாக, வரிசையாக இருக்கின்றனவா என்று ஊசிக் காதை வைத்து அழுத்திப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம். ஆட்டுத்தையலுக்கு மேல்விளிம்பில் ஒரு வரம்பு எழும்பியிருந்தால் நல்லது, ஊசி விளிம்பைத் தாண்டி ஓடாது.

பித்தளை விரலைப் பச்சையாக்கும், ஆனால் வியர்வைக் கைக்கு அதன் பிடி நன்றாக இருக்கிறது. வெள்ளி அழகு, மிருதுவானது என்பதால் எஃகு ஊசி நாளடைவில் துளைத்துவிடும். ஹாலிஃபாக்ஸ் நகரத்து சார்லஸ் ஹார்னர் 1884இல் வெள்ளி இரண்டு அடுக்குக்கு நடுவே எஃகுத் தகடு வைத்துத் திம்பிள் செய்ய உரிமை பெற்றது அதனால்தான். அதற்கு டோர்கஸ் என்று பெயர் வைத்தார். நம் தமிழ் விவிலியத்தில் தொற்காள் என்று வருகிறாளே, விதவைகளுக்கு அங்கிகளும் ஆடைகளும் தைத்துக் கொடுத்தவள், அவள் பெயர்.

எனக்குக் கடைசியில் ஒத்துவந்தது தோல். ஆட்டுத்தோலில் இரண்டு துண்டு வைத்துத் தைத்தது, நுனியில் மட்டும் இரட்டை அடுக்கு. தோல் இளகும், ஆகவே ஓர் அளவு இறுக்கமாகத்தான் வாங்க வேண்டும். முதல் நாள் கையைத் தண்ணீரில் நனைத்து மாட்டி, காயும்வரை வேறு வேலை பார்த்தேன். ஒரு வாரம் பழந்துணியில் நாளுக்கு நாலு வரி தைத்தேன். பிறகு அதன் பக்கத்தில், என் விரலில் முன்பு காயம் இருந்த அதே இடத்துக்கு நேராக, ஊசிக் காது தானாகப் போய் அமரும் ஒரு பள்ளம் விழுந்தது. போன மாதம் அது கிழிந்தது. அதே அளவில் புதிது வாங்கி வைத்திருக்கிறேன். அதில் இன்னும் பள்ளம் விழவில்லை, தினமும் நாலு வரி ஓடிக்கொண்டிருக்கிறது.